மூன்றாவது வகுப்பைக் கவனியுங்கள்!

பிள்ளை பத்தாவது வகுப்புக்கு வந்து விட்டால் வீடே பரபரப்பாகி விடுகிறது. டெலிவிஷனை மூடி வைக்கிறார்கள். ஊருக்குப் போவதை நிறுத்துகிறார்கள். கோமதி அம்மனுக்கு நேர்ந்து கொள்கிறார்கள். தாயார் கண் விழித்துக் காபி போட்டுக் கொடுக்கிறார்.

நல்ல காரியம் தான். ஆனால், அந்தப் பிள்ளையின் படிப்பு பத்தாவது வகுப்பில் தீர்மானம் ஆவது இல்லை. அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே பெரும்பாலும் தீர்மானம் ஆகி விடுகிறது.

எங்கே?

மூன்றாவது வகுப்பில்!

மூன்றாவது வகுப்புப் பிள்ளைக்கு 8 வயது. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயது. "இந்தச் சின்ன வயதில் என்ன பெரிய படிப்பு? போகப் போகச் சரியாகி விடும்" என்று பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். தானாகச் சரியாவது இல்லை. அதுதான் சங்கடம்.

இரண்டு படிப்பு

ஒன்றாவது, இரண்டாவது வகுப்புகளில் பிள்ளை, படிக்கக் கற்றுக் கொள்கிறது. "அ" என்றால் இது, "க" என்றால் இது என்று எழுத்தை அறிகிறது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குகிறது. சொல்லைக் கூட்டி வாக்கியமாக்குகிறது.

மூன்றாவது வகுப்பில் நிலைமை மாறுகிறது. இனிமேல் படித்துத்தான் மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல் புத்தகத்தில் இருப்பதும் எழுத்து. சமூக அறிவியல் புத்தகத்தில் இருப்பதும் எழுத்து. கணக்கில் கூட, "ஒரு கூடையில் 48 பழம் இருந்தது" என்று கதை போல எழுதி, அதன் அடியில் கேள்வி கேட்கிறார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கூட்டத் தெரிந்திருந்தாலும், அந்தக் கணக்கைப் போட முடியாது.

சங்கரன்கோவில் தறிக்காரர்களுக்கு இதை எளிதில் சொல்லி விடலாம். வாசிப்பு என்பது பாவு நூல். மற்ற பாடங்கள் எல்லாம் ஊடை. பாவு நூல் சரியாக ஓடினால் தான் துணி துணியாக வரும். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்கிறார்கள்? தறியை நிறுத்துகிறார்கள். இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு தான் தறியை ஓட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் அப்படி நிறுத்துவது இல்லை. தமிழ்நாட்டில் 8-வது வகுப்பு வரை யாரையும் பெயில் போடுவது கிடையாது. பெயில் போட்டால் பிள்ளை மனம் உடைந்து பள்ளிக்கூடத்தை விட்டே நின்று விடும் என்பதால் இப்படி வைத்து இருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், இதனால் பெற்றோர்கள் ஏமாந்து போகவும் இடம் உண்டு. பிள்ளை நாலாவதுக்குப் போகிறது, ஐந்தாவதுக்குப் போகிறது. "நன்றாகத்தான் படிக்கிறான்" என்று வீட்டில் நினைக்கிறார்கள். அறுந்த இழையோடு தறி ஓடிக்கொண்டே இருக்கிறது!

பிந்தினால் என்ன?

இதை அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். டொனால்ட் ஹெர்னாண்டஸ் என்ற சமூகவியல் அறிஞர், சுமார் 4 ஆயிரம் பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்து 2011-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மூன்றாவது வகுப்பில் சரியாக வாசிக்கத் தெரியாமல் போன பிள்ளைகள், நன்றாக வாசித்த பிள்ளைகளைப் போல 4 மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே நின்றது தெரிய வந்தது.

நம் நாட்டு நிலைமையும் கவலைக்கு உரியது. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளின் படிப்பைச் சோதிக்கும் "ஏசர்" என்ற கணக்கெடுப்பு இருக்கிறது. 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியக் கிராமங்களில், அரசுப் பள்ளியில் மூன்றாவது வகுப்புப் படிக்கும் 100 பிள்ளைகளில், இரண்டாவது வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் சுமார் 23 பேர் தான். 2022-ம் ஆண்டில் இது 16 பேராக இருந்தது. முன்னேற்றம் தான். இருந்தாலும் மீதி 77 பேர்?

2022-ல் அவ்வளவு குறைந்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கொரோனா! 2020 மார்ச் மாதம் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. 2020-ல் ஒன்றாவது வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, பலகையும் பெஞ்சும் பார்க்காமலே இரண்டாவதுக்கு வந்தது. 2022 ஜூனில் மூன்றாவது வகுப்பில் போய் உட்கார்ந்தது.

சரி, மூன்றாவது வகுப்புப் பிள்ளைக்கு என்னென்ன தெரிய வேண்டும்? ஒவ்வொரு பாடமாகப் பார்ப்போம்.

தமிழ்

8 அல்லது 10 வாக்கியம் உள்ள ஒரு சின்னக் கதையைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், கதை என்ன என்று தன் வாயால் சொல்ல வேண்டும். தான் பார்த்ததைப் பற்றி ஐந்தாறு வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும்.

சில பிள்ளைகள் பாடத்தைக் கடகட என்று ஒப்பிக்கும். பெற்றோர் மகிழ்ந்து போவார்கள். ஆனால், அது வாசிப்பா, மனப்பாடமா? கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளை இதுவரை பார்க்காத ஒன்றைக் கொடுங்கள். பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி போதும். கல்யாணப் பத்திரிகை போதும். சுவரில் ஒட்டிய நோட்டீசு போதும்.

எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசிக்கிற பிள்ளை, வாக்கியத்தின் கடைசிக்குப் போவதற்குள் முதலில் என்ன படித்தோம் என்பதை மறந்து விடும். அதனால் பொருள் புரியாது. பொருள் புரியாவிட்டால் சலிப்பு வரும். சலிப்பு வந்தால் புத்தகத்தை மூடி விடும். பிள்ளை மந்தம் என்று அப்போது திட்டாதீர்கள். அதற்கு வேண்டியது திட்டு அல்ல, பழக்கம்.

இங்கிலீஷ்

இங்கிலீஷ் எழுத்துகளையும் அவற்றின் ஓசையையும் அறிய வேண்டும். சின்னச் சின்னச் சொற்களை வாசிக்க வேண்டும். பெயர், வயது, ஊர், வீடு பற்றி இரண்டொரு வாக்கியம் பேச வேண்டும். மூன்றாவது வகுப்புக்கு இது தான் அடிப்படை.

சங்கரன்கோவில் ரெயில் நிலையத்தில் பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் ஊரின் பெயர் தமிழிலும் இருக்கிறது, இங்கிலீஷிலும் இருக்கிறது. கடைப் பலகைகளும் அப்படித்தான். இவை எல்லாம் காசு இல்லாத பாடப் புத்தகங்கள். சாமான் வாங்கப் போகும்போது பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம்.

ஒன்றை மறந்து விடக் கூடாது. தமிழை நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ் வாசிப்பு எளிதாக வரும். எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள சம்பந்தம் அதற்கு ஏற்கனவே பிடிபட்டு விட்டது அல்லவா? இங்கிலீஷ் மோகத்தில் தமிழை விட்டு விட்டால், இரண்டும் போய் விடும்.

கணக்கு

மூன்றாவது வகுப்பில் ஆயிரம் வரையில் எண்களைப் படிக்கிறார்கள். 305 வேறு, 350 வேறு என்பது தெரிய வேண்டும். நடுவில் இருக்கும் பூஜ்யம் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். மிச்சம் வைத்துக் கூட்டவும், கடன் வாங்கிக் கழிக்கவும் வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் இங்கே தான் வலுப்படுகின்றன. மணி பார்ப்பது, நீளம், எடை, லிட்டர், பணம், அரை, கால் ஆகியவையும் உண்டு.

இவ்வளவையும் சொல்லித்தர சங்கரன்கோவில் பூ மார்க்கெட் ஒன்றே போதும்!

ஒரு முழம் பூ 30 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 4 முழம் என்ன விலை? 30-ஐ நாலு தடவை கூட்டினாலும் 120 ரூபாய். நாலால் பெருக்கினாலும் 120 ரூபாய். பெருக்கல் என்பது சுருக்கமான கூட்டல் தான் என்று பிள்ளைக்குப் புரிந்து விடும். 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? 80 ரூபாய். கழித்தலும் முடிந்தது.

இன்னொரு கேள்வி. பூக்கார அக்கா கையால் ஒரு முழம் அளந்து பாருங்கள். அதே பூவைப் பிள்ளை தன் கையால் அளக்கட்டும். ஒரு முழத்துக்கு மேலே வரும்! பூ கூடி விட்டதா? இல்லை. பிள்ளையின் கை சின்னது. ஆளுக்கு ஆள் முழம் மாறும். அதனால் தான் மாறாத ஓர் அளவு வேண்டும் என்று மீட்டர் வந்தது. மூன்றாவது வகுப்புக் கணக்கில் இது முக்கியமான பாடம். புத்தகத்தில் அரை மணி நேரம் படிப்பதை மார்க்கெட்டில் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அறிவியல்

உடல், உணவு, தண்ணீர், காற்று, செடி கொடி, பிராணிகள், பொருள்களின் நிலை, விசை. இவை தான் அறிவியல் பாடங்கள்.

திடம், திரவம், வாயு என்று மனப்பாடம் செய்தால் மறந்து போகும். இட்லிப் பானையைக் காட்டுங்கள். அடியில் தண்ணீர் இருக்கிறது. அடுப்பு எரிந்ததும் தண்ணீர் ஆவியாகிறது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக நீர். ஆவி மறுபடியும் தண்ணீர் ஆகி விட்டது! மழை பெய்வதற்குக் காரணமும் அந்த மூடியிலேயே இருக்கிறது. ஆவி சுடும். ஆகவே, பெரியவர்கள் மூடியைத் திறக்க, பிள்ளை தள்ளி நின்று பார்க்கட்டும்.

விசை என்றால் தள்ளுவதும் இழுப்பதும். சைக்கிளைத் தள்ளுகிறோம். வாளியை இழுக்கிறோம். சங்கரன்கோவில் தெருக்களில் "சடக் சடக்" என்று ஓசை கேட்கிறதே, விசைத்தறி, அந்தப் பெயரிலேயே பாடம் இருக்கிறது. கைத்தறியில் கையும் காலும் விசை கொடுக்கின்றன. விசைத்தறியில் மின்சார மோட்டார் கொடுக்கிறது. "நாடா ஏன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுகிறது?" என்று பிள்ளை கேட்டால், "சும்மா இரு" என்று சொல்லாதீர்கள். கேள்வி கேட்பது தான் அறிவியல்.

உடலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லித்தர வேண்டும். யாராவது தகாத முறையில் தொட்டால் "வேண்டாம்" என்று கத்த வேண்டும், அங்கே நிற்காமல் ஓடி வர வேண்டும், வீட்டில் வந்து சொல்ல வேண்டும். ஆணுக்கும் சொல்லுங்கள், பெண்ணுக்கும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. அதைப் பிள்ளை மனப்பாடம் செய்தால் நல்லது.

சமூக அறிவியல்

குடும்பம், அக்கம்பக்கம், திசைகள், ஊர் நிர்வாகம். இவற்றை அறிவது சமூக அறிவியல்.

திசை படிப்பதற்கு சங்கரன்கோவிலைப் போல வசதியான ஊர் கிடைப்பது அரிது. காலையில் சூரியனைப் பார்த்து நின்றால், எதிரே கிழக்கில் கோவில்பட்டி. முதுகுக்குப் பின்னால் மேற்கில் புளியங்குடி. இடது கைப் பக்கம் வடக்கில் ராஜபாளையம். வலது கைப் பக்கம் தெற்கில் திருநெல்வேலி. நாலு திசைக்கு நாலு ஊர்! பஸ் நிலையத்தில் நின்று கொண்டே பூகோளம் படிக்கலாம்.

ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? பாட்டியைக் கேட்டால் "திருநெல்வேலி ஜில்லா" என்பார். பேத்தியின் புத்தகத்தில் தென்காசி மாவட்டம். இரண்டு பேர் சொல்வதும் சரி தான். 2019 நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது? சங்கரன்கோவிலில் என்றால் நகராட்சி. பக்கத்துக் கிராமத்தில் என்றால் ஊராட்சி. இதைத் தெரிந்து கொள்வது நாளைக்கு நல்ல குடிமகனாக வாழ்வதற்கு உதவும்.

ஊரின் கோவில் கதையும் பாடம் தான். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சண்டை போட்டார்கள். கோமதி அம்மன் தவம் இருந்தார். பாதி சிவனாகவும், பாதி விஷ்ணுவாகவும் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். ஆடித் தபசு நடப்பது இதற்காகத்தான். "யார் பெரியவர்?" என்ற சண்டையே வேண்டாம் என்பது அந்தக் கதை. 8 வயதில் இது மனதில் பதிந்தால், 80 வயது வரை நிற்கும்.

அரசு செய்தது

படிப்புக்கு முன்னால் பசி தீர வேண்டும். இதை உணர்ந்து தான், 1956-ம் ஆண்டு காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொடங்கிய இடம், கோவில்பட்டிக்கு அப்பால் இருக்கிற எட்டயபுரம். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மு.க.ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டு 25-ந் தேதி அது எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது.

படிப்புக்காகவும் ஒரு திட்டம் வந்தது. 2022 ஜூன் 13-ந் தேதி "எண்ணும் எழுத்தும்" தொடங்கியது. 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். முதலில் 1 முதல் 3 வரை உள்ள வகுப்புகளுக்கு வந்தது. ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்துச் சொல்லிக் கொடுப்பது இந்தத் திட்டத்தின் முறை. மூன்றாவது வகுப்பில் இருந்தாலும் ஒன்றாவது வகுப்பு நிலையில் இருக்கிற பிள்ளை, அரும்பு. அதற்கு உரிய பாடத்தை முதலில் சொல்லிக் கொடுத்து, பிறகு மேலே கொண்டு போக வேண்டும்.

அறுந்த இழைக்கு முடிச்சுப் போடும் வேலை இது தான். நல்ல முறை. ஆனால், திட்டம் தானாக நடக்காது. பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். அவர்களே பாடமும் நடத்த வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்ல நேரம் வேண்டாமா? ஆசிரியர்களின் எழுத்து வேலையைக் குறைத்து, அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு.

மிசிசிப்பியின் பாடம்

"ஏழை ஊரில் இதெல்லாம் நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம். நடந்து இருக்கிறது.

அமெரிக்காவில் மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். பருத்தி விளைச்சலுக்குப் பேர் போனது. அந்த நாட்டின் ஏழை மாநிலங்களில் ஒன்று. 2013-ம் ஆண்டில், நாலாவது வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பில் அது 50 மாநிலங்களில் 49-வது இடத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். எழுத்தையும் ஓசையையும் முறையாகச் சொல்லித்தர ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளின் வாசிப்பை ஆண்டுக்கு மூன்று முறை சோதித்தார்கள். பின்தங்கிய பிள்ளையின் வீட்டுக்கு உடனே கடிதம் எழுதித் தெரிவித்தார்கள். 2024-ம் ஆண்டுப் பரீட்சையில் அந்த மாநிலம் 9-வது இடத்துக்கு வந்து விட்டது!

மூன்றாவது வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களை அங்கே நிறுத்தியும் வைக்கிறார்கள். அது சரியா என்று அந்த நாட்டிலேயே விவாதம் நடக்கிறது. அதை இங்கே கொண்டு வர வேண்டியது இல்லை. ஆனால் வீட்டுக்கு உண்மையைச் சொல்கிறார்களே, அதைக் கொண்டு வரலாம். அதற்குப் பணம் தேவை இல்லை.

ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னால் மூன்றாவது வகுப்புப் பெற்றோர்களைக் கூப்பிட வேண்டும். மார்க்கையும் கிரேடையும் சொல்லி அனுப்பினால் போதாது. "உங்கள் மகள் சொற்களை வாசிக்கிறாள், வாக்கியம் வாசிக்கத் திணறுகிறாள். வீட்டில் இதைச் செய்யுங்கள்" என்று விளங்கும்படி சொல்ல வேண்டும். அரசு, தனியார் என்ற வித்தியாசம் இல்லாமல் இது நடக்க வேண்டும். பீஸ் கட்டுகிற பள்ளிக்கூடம் என்பதால் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நம்பி விடக் கூடாது.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெற்றோர்கள் இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்கள். சுற்றுச்சுவர், குடிதண்ணீர் பற்றிப் பேசுவது போல, "மூன்றாவது வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும்?" என்றும் கூட்டத்தில் கேளுங்கள். கேட்பது தாய்மார்களின் உரிமை.

படிக்காத பெற்றோர் என்ன செய்வது?

"எனக்கே எழுத்து வாசனை இல்லை. நான் எப்படிச் சொல்லித்தருவது?" என்று பீடி சுற்றும் தாய் கேட்கலாம். தறி ஓட்டும் தகப்பனார் கேட்கலாம்.

சொல்லித்தர வேண்டாம். கேட்டால் போதும்!

தினமும் இரவில் 10 நிமிடம். "இன்றைக்கு ஒரு கதை வாசி, அம்மா கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை வாசிக்கட்டும். நின்று நின்று வாசித்தால் பொறுமையாக இருங்கள். முடித்ததும், "கதையில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அது சொல்வது கோர்வையாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பட்டம் தேவை இல்லை. கணக்குக்கு, கடைக்குப் போய் வந்ததும் மீதிக் காசை எண்ணச் சொல்லுங்கள்.

அடிக்க வேண்டாம். அடிக்குப் பயந்த பிள்ளை, தெரியாததை மறைக்கும். மறைத்தால் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டும் பேச வேண்டாம்.

வீட்டு வேலைக்காகவோ, திருவிழாவுக்காகவோ அடிக்கடி லீவு போட வைக்காதீர்கள். சின்ன வகுப்புத்தானே என்று நினைக்கிறீர்கள். ஒரு வாரம் போகாவிட்டால் கழித்தலில் கடன் வாங்குவது எப்படி என்பது போய் விடும். பிறகு ஆண்டு முழுவதும் கழித்தல் வராது.

1990-களில் அறிவொளி இயக்கம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. பகல் எல்லாம் வேலை செய்து விட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் தாய்மார்கள் எழுத்துப் படித்தார்கள். அவர்களில் பலர் இன்று பாட்டிகள். வயது வந்த பிறகு எழுத்துப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பேரனும் பேத்தியும் அந்தக் கஷ்டப்பட வேண்டாம். அவர்களுக்கு இப்போது 8 வயது தான். நேரம் இருக்கிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை வீட்டில் தான் இருக்கும். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்தப் பக்கத்தில் ஏதாவது நாலு வரியைக் காட்டி, வாசிக்கச் சொல்லுங்கள்.

நன்றாக வாசித்தால் தட்டிக் கொடுங்கள். திணறினால், நாளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். பத்தாவது வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்!